பால் உறையாத நாள்



சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவை என்றொரு பகுதி உண்டு. மதுரையின் புறத்தே, ஆயர்பாடியில், மாதரி என்னும் மூதாட்டியின் மனையில் ஒருநாட் காலை தயிர் கடைய முற்படுகின்றனர். முன்னிரவில் உறையிட்டு வைத்த பால் உறைந்திருக்கவில்லை. எருதின் கண்ணிலிருந்து நீர் வடிகின்றது. உருக்க வைத்த வெண்ணெய் உருகவில்லை. இவையெல்லாம் வரப்போகும் ஒரு கேட்டின் குறிகள் என மாதரி அஞ்சுகின்றாள். அச்சம் தீரும்பொருட்டுக் கண்ணகி காணக் குரவைக் கூத்து நிகழ்கின்றது. நகரினுள்ளே கோவலன் வெட்டுண்டு வீழ்ந்த செய்தி பின்னரே வந்து சேர்கின்றது.

காப்பியத்தில் அது வருந் துயரை முன்னுரைக்கும் குறி. ஆயினும், பால் உறையாமையைத் தீய சகுனமாகக் கொள்ளும் வழக்கம் காப்பியத்தோடு நின்றுவிடவில்லை. என் வீட்டிலும் ஒருநாள் பால் உறையாது போயிற்று. அதுவும் மின்சாரத்தால் இயங்கும் தயிர்ப் பொறி ஒன்றில் வைத்த பால். அது ஏன் உறையவில்லை என்று தேடப் புகுந்தபோதுதான், பால் எவ்வாறு உறைகின்றது என்பதையே நான் செம்மையாக அறிந்துகொண்டேன். நான் கலைப்பட்டதாரி, விஞ்ஞானம் கற்பிப்பவன் அல்லேன். ஆதலின், எனக்கு விளங்கிய எளிய முறையிலேயே அதனை இன்று உங்களுக்குக் கூற விரும்புகின்றேன்.

நான் வாழும் கந்தளாய், திருகோணமலையிலிருந்து ஹபறணைக்குச் செல்லும் பெருவீதியில், ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. குளத்தாற் பெயர்பெற்ற ஊர். இக்குளத்தை இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டினான் என வரலாற்றாசிரியர் கூறுவர். குளக்கோட்டு மன்னன் கோணேசர் கோயிலின் பொருட்டுக் கட்டினான் எனத் தமிழ் மரபு கூறும். எவர் கட்டியிருப்பினும், குளம் உள்ள இடத்தில் வயல் உண்டு. வயலும் நீரும் உள்ள இடத்தில் எருமை உண்டு. எருமை உள்ள இடத்தில் தயிர் உண்டு. இவ்வழியே பயணம் செய்த நேயர்கள், வாயைக் கடதாசியால் மூடிக் கட்டிய மண்சட்டிகள் வீதியோரக் கடைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அத்தயிரோடு கித்துள் பாணியும் சேர்ந்துவிட்டால் வேறு விருந்து வேண்டா.

இத்தகைய ஊரிலே தயிர் செய்யப் பொறி எதற்கு என்று நீங்கள் கேட்கக்கூடும். நானும் அவ்வாறே கேட்டேன். கனடாவில் வாழும் என் தங்கை விடுமுறைக்கு வந்தபோது, ஏழு கண்ணாடிக் கிண்ணங்கள் கொண்ட சிறிய பொறி ஒன்றை எம் அன்னையாருக்கு அன்பளிப்பாகக் கொண்டுவந்தாள். அதனை இணைப்பியிற் செருகப் போன என் கையைத் தடுத்தவன், அயல் வீட்டிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த என் மாணவன் ஒருவனே. “சேர், இதன் அடியிலே 120 வோற்று என்று எழுதியிருக்கிறது. எங்கள் மின்சாரம் 230 வோற்று அல்லவா?” என்றான். அழுத்தம் இரு மடங்கை நெருங்கினால், வெப்பம் நான்கு மடங்கை நெருங்குமாம். அன்று அவன் இல்லாதிருந்தால் பொறியும் கருகியிருக்கும்; அதிபரின் மதிப்பும் கருகியிருக்கும். வெளிநாட்டு உறவினர் மின்கருவி அனுப்பினால், அதன் அடியைப் புரட்டிப் பார்த்த பின்னரே இணைப்புக் கொடுங்கள். நான் மின்னழுத்தத்தைக் குறைக்கும் நிலைமாற்றி ஒன்றை வாங்கிய பின்னரே அப்பொறி எம் வீட்டிலே வேலை செய்யத் தொடங்கிற்று.

சில கிழமைகள் நன்றாகவே நடந்தன. பின்னர், எம் தந்தையாரின் திவசத்திற்கு முதல்நாட் காலை, பொறியைத் திறந்து பார்த்தால் ஏழு கிண்ணங்களிலும் பால் பாலாகவே இருந்தது. எண்பது வயதைக் கடந்த என் அன்னையாரின் முகம் வாடிவிட்டது. “தம்பி, இந்தப் பெட்டி வீட்டுக்குள் வந்த நாளிலிருந்தே எனக்கு மனம் சரியில்லை. நாளைக்கு அப்பாவின் காரியம். இன்றைக்குப் பார்த்துப் பால் உறையாமற் கிடக்கிறது” என்றார். மாதரியின் குரலை நான் என் வீட்டு அடுக்களையிலே கேட்டேன்.

அப்பால் உறையாமைக்குக் காரணம் யாது? அதனைக் கூறுமுன், பால் உறைவது எங்ஙனம் என்பதைப் பார்த்துவிடுவோம்.

பாலிலே கேசீன் என்னும் புரதம் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய உருண்டைகளாக மிதக்கின்றது. இவ்வுருண்டைகள் ஒரே வகை மின்னேற்றம் உடையன; ஆதலால் ஒன்றையொன்று விலக்கித் தனித்தனியே நிற்கின்றன. பாலிலே சர்க்கரையும் உண்டு. அது லக்ரோசு எனப்படும். நாம் உறைமோரை ஊற்றும்போது, உண்மையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களையே பாலினுட் குடியேற்றுகின்றோம். அவை அச்சர்க்கரையை உண்டு, லக்ரிக் அமிலத்தை வெளியிடுகின்றன. அமிலம் பெருகப் பெருக, கேசீன் உருண்டைகளின் மின்னேற்றம் தணிகின்றது. விலகி நின்றவை நெருங்குகின்றன. ஒன்றோடொன்று கைகோத்து வலைபோற் பின்னிக்கொள்கின்றன. அவ்வலையினுள் நீரும் கொழுப்பும் அகப்பட்டு நிற்கின்றன. இதுவே தயிர். அமிலத் தன்மையைக் குறிக்கும் பி.எச். என்னும் அளவு, புதுப் பாலில் 6.6 அளவில் இருக்கும். அது 4.6 அளவிற்கு இறங்கும்போது தயிர் நன்றாகக் கட்டிப்படும்.

ஆகவே, பாலைத் தயிராக்குவது பொறியும் அன்று, சட்டியும் அன்று, உயிர். இதனை உலகம் அறிந்துகொள்ள நெடுங்காலம் சென்றது. பால் புளிப்பதற்கு நுண்ணுயிர்களே காரணம் என 1857 ஆம் ஆண்டில் லூயி பாஸ்ரர் எடுத்துக்காட்டினார். 1905 ஆம் ஆண்டில், ஜெனீவாவிற் பயின்றுகொண்டிருந்த ஸ்ராமென் குரிகொரொவ் என்னும் பல்கேரிய இளைஞர், தம் நாட்டுத் தயிரை நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்து, அதனைப் புளிக்கச் செய்யும் கோலுருவான பற்றீரியாவைக் கண்டறிந்தார். லக்ரோபசிலசு பல்காரிக்கசு என்று அது பெயர்பெற்றது. பாரிசிலிருந்த மெச்னிக்கொவ் என்னும் அறிஞர், தயிர் உண்பது நீண்ட ஆயுளைத் தரும் எனப் பரப்பினார். 1908 ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது உண்மை. ஆனால் அது தயிருக்காக அன்று, உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் பற்றிய ஆய்வுக்காக. அவர் கூறியவாறு தயிர் மூப்பைத் தடுக்கும் என்பது பின்னர் நிலைநாட்டப்படவில்லை. எனினும், பாற்சர்க்கரை செரிக்காதோர் பலர் பாலைவிடத் தயிரை எளிதாகச் செரிப்பர் என்பது உறுதி. நுண்ணுயிர்கள் அச்சர்க்கரையில் ஒரு பகுதியை நமக்கு முன்னரே உண்டுவிடுகின்றன அல்லவா?

கடைகளில் நாம் யோகட் என வாங்குவதை ஆக்குவோர் இருவர். ஒருவர் மேற்கூறிய பல்காரிக்கசு. மற்றவர் ஸ்ரெப்ரோகொக்கசு தேர்மோபிலசு. இவ்விருவரின் கூட்டுறவு வியப்புக்குரியது. முதலில் ஸ்ரெப்ரோகொக்கசு பெருகி, பாலிலுள்ள ஒட்சிசனைக் குறைத்து, தோழன் வளரத் தேவையான பொருள்கள் சிலவற்றை ஆக்கிக் கொடுக்கின்றது. பல்காரிக்கசோ புரதத்தைச் சிதைத்து, அதன் துணுக்குகளை ஸ்ரெப்ரோகொக்கசுக்கு உணவாக்குகின்றது. தனித்தனியே நின்றால் மெல்லச் செய்யும் வேலையை இரண்டும் சேர்ந்து விரைவிற் செய்துவிடுகின்றன.

இவ்விருவரும் வெப்பத்தை விரும்புவோர். 42 முதல் 45 பாகை செல்சியசு வரையுள்ள வெப்பத்தில் நான்கு முதல் ஆறு மணி நேரத்திற் பாலை உறையச் செய்வர். 50 பாகையைத் தாண்டினால் தளர்வர். அதனினும் மிகுந்த சூட்டில் மடிவர். நம் வீடுகளிற் சாதாரணமாக உறையும் தயிரிலோ, 30 பாகையளவிலேயே வாழும் வேறு லக்ரிக் பற்றீரியாக்களும் கலந்திருக்கும். அவை மெல்ல உழைப்பவை. அதனாலேயே மாலையில் உறையிட்ட பால் காலையில் உறைந்திருக்கின்றது.

இனி, மின்பொறிக்கு வருவோம். அது செய்யும் வேலை ஒன்றே: இளஞ்சூட்டைக் குறையாமற் காத்தல். அடியிலே சிறிய வெப்பக்கம்பி, மேலே மூடி. வேறு மாயம் எதுவும் இல்லை. பெரும்பாலான வீட்டுப் பொறிகள் ஒரு சிறிய மின்குமிழ் அளவு மின்சாரத்தையே செலவிடுகின்றன. 20 வாற்றுப் பொறி 6 மணி நேரம் இயங்கினால், ஓர் அலகு மின்சாரத்தில் எட்டில் ஒரு பங்கும் செலவாகாது.

ஒன்றை மாத்திரம் கவனித்தல் வேண்டும். மலிவான பொறிகள் பலவற்றில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி கிடையாது. கம்பி தரும் வெப்பமும், சுற்றுப்புறக் காற்று கவர்ந்து செல்லும் வெப்பமும் சமப்படும் நிலையிலேயே அவை நிற்கும். அவை குளிர்நாட்டு வீடுகளை எண்ணிச் செய்யப்பட்டவையாயின், சித்திரை மாத நண்பகலிற் கந்தளாயில் வைத்தால் அளவு மீறிச் சுடும். தயிர் திரிந்து நீர் பிரியும். அதனால் எம் வீட்டில் இரவிலேயே பொறியை இயக்குகின்றோம். நுவரெலியா போன்ற மலைநாட்டு ஊர்களிலோ பால் குளிரால் உறையாது வருத்தும். அங்கு இப்பொறி பெரிதும் உதவும். நம் பகுதியிலும் மார்கழி மழைக்காலத்தில் இதன் அருமை தெரியும்.

மண்சட்டியைப் பொறிக்குத் தாழ்ந்ததென எண்ணிவிடாதீர்கள். தடித்த மண்சுவர் சூட்டைச் சட்டென்று வெளியேற விடாது. மண்ணின் நுண்துளைகள் பாலின் நீரில் ஒரு பகுதியை உறிஞ்சி, வெளிப்புறத்தே ஆவியாக்கும். அதனாற் தயிர் இறுகும். எருமைப் பாலிற் கொழுப்பு ஏறக்குறைய 7 வீதம். பசுப்பாலில் 4 வீதம் அளவே. புரதமும் எருமைப் பாலில் மிகுதி. ஆகவே எருமைப் பாலும் மண்சட்டியும் சேர்ந்து தரும் கட்டித் தயிரைக் கண்ணாடிக் கிண்ணம் தராது. பொறி தருவது சுவையை அன்று. ஒவ்வொரு நாளும் ஒரே வகையாக உறையும் என்னும் உறுதியை.

அவ்வுறுதியும் நாம் செய்ய வேண்டியவற்றைச் செய்தால் மாத்திரமே கிட்டும். அவற்றை வரிசையாகக் கூறுகின்றேன்.

முதலாவது, பாலை நன்றாகக் காய்ச்சுங்கள். பொங்கியதும் இறக்கிவிடாமல், சிறுதீயிற் பத்து நிமிடம் கிளறியபடி வையுங்கள். இதனால் நோய்க் கிருமிகள் அழிகின்றன. அத்தோடு, பாலிலுள்ள மோர்ப் புரதங்கள் விரிந்து கேசீனோடு ஒட்டிக்கொண்டு நீரைப் பிடித்து வைக்கின்றன. அரைகுறையாகக் காய்ச்சிய பாலின் தயிர் நீர்த்துப் போவதற்கு இதுவே காரணம். பொறி பாலைக் காய்ச்சாது என்பதை மறவாதீர்கள். அதன் இளஞ்சூடு எந்தக் கிருமியையும் கொல்லாது. பால்மா பயன்படுத்துவோர், கொதித்து ஆறிய நீர் ஒரு லீற்றருக்குக் கொழுப்பு நீக்காத மா 130 கிராம் அளவிற் கரைக்கலாம். இன்னும் 20 கிராம் சேர்த்தால் தயிர் இறுகும்.

இரண்டாவது, பாலை 45 பாகைக்கு ஆறவிடுங்கள். வெப்பமானி இல்லையேல், தூய்மையாகக் கழுவிய சுண்டுவிரலே வெப்பமானி. விரலை வைத்துப் பத்து வரை எண்ண முடிய வேண்டும். ஆயினும் சற்றுச் சுறுக்கென்றும் இருக்க வேண்டும். என் அன்னையார் இதனை எந்த நூலிலும் படித்தவர் அல்லர். வெப்பமானி வாங்கி வந்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, அவர் விரல் சொன்ன அளவு ஒரு பாகையே பிசகிற்று.

மூன்றாவது, உறை புதிதாக இருக்கட்டும். ஒரு லீற்றர்ப் பாலுக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். சிறிது பாலிற் கரைத்து, பின்னர் முழுவதிலும் கலக்குங்கள். மிகுதியாக இட்டால் விரைவிற் புளிக்குமேயன்றி நன்றாக இறுகாது. ஒரே உறையைப் பலமுறை தொடர்ந்து எடுத்தால், நுண்ணுயிர்களின் சமநிலை குலைந்து தயிர் நூல்நூலாக வரும். அப்போது உறையை மாற்றுங்கள்.

நான்காவது, கிண்ணங்களையும் கரண்டியையும் கொதிநீரிற் கழுவுங்கள். உறையும் வேளையில் அசைக்காதீர்கள். வலை பின்னும்போது ஆட்டினால் அறுந்துவிடும். உறைந்ததும் குளிரூட்டியில் வையுங்கள். பொறியிலேயே விட்டுவிட்டால் புளிப்பு ஏறி நீர் பிரியும். சீனியையும் பாணியையும் உண்ணும் வேளையிற் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவையனைத்தையும் நாங்கள் ஒழுங்காகவே செய்தோம். ஆயினும் அன்று பால் உறையவில்லை. மின்சாரம் தடைப்பட்டதோ என்று பார்த்தேன். இல்லை, கிண்ணங்கள் இளஞ்சூடாகவே இருந்தன. உறை பழையதோ என்று ஐயுற்றேன். அதே உறையை இட்டு அயல் வீட்டார் வேறு பாலில் வைத்த தயிர் கல்லுப்போல் உறைந்திருந்தது. எஞ்சியது பால் ஒன்றே.

அன்று மாலை பால்காரர் வந்தபோது, குற்றஞ்சாட்டும் குரலில் அல்லாமல், “மாட்டுக்கு ஏதும் சுகவீனமா?” என்று மாத்திரம் கேட்டேன். அவர் சற்றுத் தயங்கினார். பின்னர், “பசுவின் மடி வீங்கிப் போயிருந்தது, சேர். மூன்று நாளுக்கு முன் மருந்து ஏற்றினார்கள். சில நாளைக்குப் பாலை எடுக்க வேண்டாம் என்றுதான் சொன்னார்கள்” என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை. பேசவும் தேவையில்லை. ஒருநாட் பாலை நிலத்தில் ஊற்றினால், அவர் வீட்டில் அன்று அடுப்பு எரியாது.

மடிவீக்கத்திற்குக் கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து சில நாள் பாலிற் கலந்து வரும். பசுவின் மடியிலுள்ள கிருமியைக் கொல்லும் அம்மருந்து, உறைமோரிலுள்ள நல்ல பற்றீரியாக்களையும் விட்டுவைப்பதில்லை. அவை தளர்ந்தால் அமிலம் இல்லை. அமிலம் இல்லையேல் தயிர் இல்லை. காய்ச்சினாலும் அம்மருந்து முற்றாக அழிவதில்லை. எம் வீட்டிற் பால் உறையாமற் கிடந்தது, எவருக்கும் வரப்போகும் கேட்டைக் கூறவன்று. அப்பாலில் முன்னரே வந்திருந்த கேட்டைக் காட்டவே. அறியாது அதனைக் குடித்திருப்போரும் நாங்களே.

அந்த ஏழு கிண்ணப் பாலையும் என்ன செய்தோம் என்று நீங்கள் கேட்பீர்கள். “புளிக்கவில்லைத்தானே, சீனி போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்” என்று வீட்டில் ஒரு பேச்சு எழுந்தது. நான் தடுத்தேன். இது மிக முக்கியமானது, நேயர்களே. தயிரைக் காப்பது அதன் புளிப்பு. பெரும்பாலான நோய்க் கிருமிகள் அப்புளிப்பிற் பெருகமாட்டா. ஆனால் இரவு முழுவதும் இளஞ்சூட்டிற் கிடந்தும் புளிக்காத பால், கிருமிகளுக்கு விரித்து வைத்த பாய். சில கிருமிகள் விடும் நஞ்சு மீண்டும் கொதிக்க வைத்தாலும் நீங்குவதில்லை. எனவே, உறையாத பாலைத் தயங்காது ஊற்றிவிடுங்கள்.

மின்சாரத் தடையையும் இங்கே நினைத்துக்கொள்ளுதல் வேண்டும். 2022 ஆம் ஆண்டு பங்குனி மாத இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றதை எவரும் மறந்திருக்கமாட்டோம். இப்பொறியையே நம்பியிருப்போர் அத்தகைய நாளில் என்ன செய்வது? சூட்டைக் காப்பதே அதன் வேலை என அறிந்தவர் கலங்கார். கிண்ணங்களைத் தடித்த துணியாற் சுற்றி, மூடியுள்ள பெட்டியில் வைக்கோல் நிரப்பி அதன் நடுவே வையுங்கள். அல்லது சுடுநீர்ப் போத்தலிலேயே பாலை ஊற்றி மூடிவிடுங்கள். சூடு சில மணி நேரம் தங்கும். நுண்ணுயிர்கள் தம் வேலையை முடித்துக்கொள்ளும். பொறியின் வேலை எதுவென்று அறிந்தவனுக்குப் பொறி உதவியாள். அறியாதவனுக்கு அது எசமான்.

மறுநாள் எம் தந்தையாரின் திவசம் குறைவின்றி நடந்தது. படையலுக்கு வேண்டிய தயிரைப் பெருவீதிக் கடையிலிருந்து மண்சட்டியில் வாங்கி வந்தோம். பசுவின் மருந்துக் காலம் முடியும்வரைக்குமான பாற்பணத்தைப் பால்காரருக்கு முன்னதாகவே கொடுத்து, அந்நாட்களிற் பாலை எவருக்கும் விற்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மருந்து ஏற்றினால் முன்கூட்டியே சொல்வதாக அவரும் வாக்களித்தார். இன்றளவும் சொல்லி வருகின்றார். பால் வாங்கும் வீட்டார் நாலு பேர் கூடி இவ்வாறு செய்தால், வறியவர் ஒருவர் உண்மையை மறைக்க வேண்டிய தேவை நேராது.

என் அன்னையாரிடம் காரணத்தை விளக்கியபோது, அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, “அப்போ பால் பொய் சொல்லவில்லை, தம்பி” என்றார். அன்றிலிருந்து பொறியின் மீது அவருக்கிருந்த வெறுப்பு நீங்கிற்று. ஆயினும் பாலின் சூட்டை இன்றும் தம் விரலாலேயே பார்க்கின்றார்.

நேயர்களே, உங்கள் வீட்டில் ஒருநாள் பால் உறையாது போனால் அஞ்சாதீர்கள், பொறியையும் வையாதீர்கள். சூடு சரியாக இருந்ததா, உறை புதிதா, பாத்திரம் தூய்மையா, பால் நல்லதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். விடை இந்நான்கினுள் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். கேட்டு முடியும்வரை அந்தப் பாலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.